மாடி வீட்டுத் தம்பி மனுஷன்தானா?

எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பி மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. பிரச்சினையே அதுதான்.

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு அடுப்படி, பாத்ரூம். கட்டி 14 வருஷம் ஆகிறது, ஐந்து பேர் குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் வாடகையை நாலு தவணையாகத் தருவார், அதிலும் கடைசித் தவணை அடுத்த மாதத்து முதல் தவணையோடு சேர்ந்து குழம்பிவிடும். இன்னொருத்தர் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் தேங்காய் உடைப்பார். கடைசியாக இருந்த பையன் காலி செய்தபோது பாத்ரூம் பல்பைக் கழற்றிக்கொண்டு போனான், கேட்டால் "நான் வாங்கிப் போட்டது அங்கிள்" என்றான், அதுவும் உண்மைதான். இதெல்லாம் மனுஷ ஜாதியின் இயல்பு என்று நாங்கள் பழகிப்போயிருந்தோம். இனிமேல் பேச்சிலருக்கு விடுவதில்லை என்று முடிவும் எடுத்திருந்தோம். 2023 ஜூனில் புரோக்கர் இந்தத் தம்பியைக் கூட்டி வந்தார். கோவில்பட்டிப் பக்கம், 27 வயசு, கம்ப்யூட்டரில் ஏதோ ராத்திரி வேலை, வீட்டிலிருந்தே.

மெட்ராஸ் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்டேன். "சரிங்க சார்" என்றான். கொஞ்சம் பொறுத்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "2017-ல வந்த வாடகைச் சட்டத்துல மூணு மாசத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு இருக்கு சார். ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா அது வேற. நீங்க சொல்றபடியே செஞ்சிரலாம் சார், சும்மா சொன்னேன்" என்றான். கோபமோ நக்கலோ கொஞ்சம்கூட இல்லை. நான் ஐந்து மாதத்துக்கு இறங்கி வந்தேன். அவன் என்னிடம் பேரம் பேசினானா, தகவல் சொன்னானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் தொடங்கியது. ஒன்றாம் தேதி காலை 6:05-க்கு வாடகை யுபிஐ-யில் வந்து விழும். கூடவே ஒரு செய்தி: "வாடகை அனுப்பியுள்ளேன் சார். நன்றி." முற்றுப்புள்ளியோடு. இந்தக் காலத்தில் வாட்ஸ்அப்பில் முற்றுப்புள்ளி வைக்கிறவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? செருப்பு இரண்டும் ஸ்கேல் வைத்த மாதிரி சுவரை ஒட்டி நிற்கும். படிக்கட்டில் நாம் எதிரே வந்தால் இரண்டு படி பின்னால் இறங்கி, சுவரோடு சுவராக ஒதுங்கி, நாம் கடந்த பிறகுதான் ஏறுவான். மேலே டேங்க் நிரம்பி வழிந்தால் கீழே வந்து அழைப்பு மணியை ஒரே ஒருமுறை அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை காத்திருந்து, "சார், வணக்கம். தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். ஒண்ணும் அவசரமில்ல. டேங்க் நிறைஞ்சிருச்சு போலத் தெரியுது" என்பான். இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் பத்துக் குடம் தண்ணீர் போயிருக்கும்.

முதலில் சந்தேகப்பட்டது நான் இல்லை, என் பேத்தி. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள், எட்டு வயசு. இரண்டு நாள் அவனைக் கவனித்துவிட்டு மூன்றாம் நாள் நேராகப் போய், "அங்கிள், நீங்க ரோபோவா?" என்று கேட்டுவிட்டாள். அவன் அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "இல்லம்மா. ஏன் அப்படிக் கேக்குறீங்க?" என்றான். எட்டு வயசுப் பிள்ளையை "கேக்குறீங்க" என்கிறான்! அவள் ஓடி வந்து என் காதில் சொன்னாள்: "தாத்தா, ரோபோவா இருந்தாத்தான் இல்லன்னு சொல்லும்."

சரி, பிள்ளை விளையாட்டு என்று விட்டிருக்கலாம். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? படிக்க ஆரம்பித்தேன். ரோபோ என்றால் நாம் தகரடப்பாவைத்தான் நினைக்கிறோம். அந்தச் சொல் முதலில் வந்தது செக் நாட்டில், காரல் சாப்பெக் 1920-இல் எழுதிய ஒரு நாடகத்தில். சொல்லை எடுத்துக் கொடுத்தது அவருடைய அண்ணன் யோசெஃப். அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பே இல்லையாம், சதை மாதிரி ஒன்றில் செய்து, பார்த்தால் அசல் மனுஷன் மாதிரியே இருக்குமாம். எனக்கு வயிற்றில் லேசாகப் புளி கரைத்தது. 'ரொபோடா' என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலை, நம் ஊரில் வெட்டி என்று சொல்வோமே அது. ஆக, இந்தக் கதையில் பண்ணையார் யார்? மாடி வாடகை வாங்கும் நான். இதை மனைவியிடம் சொல்லவில்லை.

அவளுக்கு அந்தத் தம்பி மேல் உசிர். சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனால் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்குவாள். "எவ்வளவு நல்லாப் பேசுறான் தெரியுமா" என்பாள். ஒருநாள் நானும் பின்னாலேயே போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற மாதிரி நின்று கேட்டேன். இவள்: "எங்க நாத்தனார் ஒரு வார்த்தை கேக்கல தம்பி." அவன்: "ஒரு வார்த்தைகூடக் கேக்கலையா ஆன்ட்டி?" இவள்: "கல்யாணத்துக்கு நேர்ல வந்து கூப்பிடல." அவன்: "நேர்ல கூப்பிட்டிருக்கணும்ல ஆன்ட்டி." இவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் அவன் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசவில்லை, இவள் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எலிஸா என்று ஒரு புரோகிராம் உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் என்பவர் எழுதி 1966-இல் வெளியிட்டது. மனநல மருத்துவர் மாதிரிப் பேசும், அதாவது நாம் தட்டுகிற வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், வேறு சரக்கு அதனிடம் கிடையாது. அவர் அதை எழுதுவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்தே பார்த்த அவருடைய செயலாளர் அம்மாவே, கொஞ்ச நேரம் அதோடு பேசிப் பார்த்துவிட்டு, "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அவரை அறையை விட்டு அனுப்பிவிட்டாராம். என் மனைவியும் அன்றைக்கு அதைத்தான் சொன்னாள், "தொட்டிய அப்புறம் பாருங்க, கீழ போங்க."

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் அவனைப் பார்த்தால் நான் கேட்பது, "என்ன தம்பி, சாப்பாடு ஆச்சா?" அவன், "ஆச்சு சார், நீங்க?" நான், "ஆச்சு ஆச்சு." ராத்திரி வேலை முடித்துக் காலை ஏழு மணிக்கு அவன் தூங்கப் போகிற நேரம், எந்தச் சாப்பாடு ஆகியிருக்கும்? எனக்கும் ஆகியிருக்காது. ஒன்றரை வருஷமாக ஒரு எழுத்து மாறாமல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது நான்தான். அப்புறம் அந்த இட்லி விஷயம். மனைவி கொடுத்தால் "வேண்டாம் ஆன்ட்டி" என்பான், மறுபடி கொடுத்தால் "இப்பத்தான் சாப்பிட்டேன் ஆன்ட்டி", மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வான். எப்போதும் மூன்றாவது தடவைதான். இது எந்தக் கம்பெனி புரோகிராம் என்று யோசித்தேன், பார்த்தால் என் அம்மா எங்களுக்கு எழுதிய அதே புரோகிராம். அடுத்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை மறுக்கணும், மூன்றாவது தடவை வாங்கணும், முதல் தடவையே கை நீட்டினால் வீட்டுக்கு வந்ததும் தொடையில் கிள்ளு.

சந்தேகம் முற்றியது கரண்ட் கணக்கில். மாடிக்குத் தனி சப் மீட்டர் போட்டிருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இ.பி.காரர் வந்து ரீடிங் எடுக்கிற அன்றைக்கே தம்பியும் தன் மீட்டரைப் படம் எடுத்து, முந்தைய ரீடிங்கைக் கழித்து, யூனிட்டுக்கு 7 ரூபாய் வீதம் அனுப்பிவிடுவான். ஒருதரம் 143 யூனிட். 1,001 ரூபாய் வரணும். வந்தது 1,101. இவன் தப்புப் பண்ணிவிட்டான்! எனக்கு ஒரே சந்தோஷம், மனுஷன்தான் என்று மனைவியிடம் போய் அறிவித்தேன், நூறு ரூபாயைத் திருப்பி அனுப்பினேன், மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுச் செய்தி வந்தது.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூட நிற்கவில்லை. ஆலன் டூரிங் என்கிற இங்கிலாந்துக் கணித மேதை 1950-இல் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. இயந்திரம் யோசிக்குமா என்று கேட்டு, திரைக்குப் பின்னாலிருந்து எழுத்தில் பதில் சொல்லும் ஒன்று மனுஷனா மெஷினா என்று கண்டுபிடிக்கும் விளையாட்டைச் சொல்வாரே, அதுதான். அதில் ஒரு மாதிரி உரையாடல் போட்டிருக்கிறார். 34957-ஐயும் 70764-ஐயும் கூட்டு என்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு முப்பது நொடி மௌனம். பிறகு பதில்: 105621. வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்து 31 வருஷம் பணம் எண்ணின கை, சும்மா விடுமா, பேப்பரை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 105721 வருகிறது. விடையில் நூறு உதைக்கிறது. அதே நூறு! டூரிங் அந்தத் தப்பைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் வேறொரு இடத்தில், ஆளை ஏமாற்ற நினைக்கிற மெஷின் கணக்கில் வேண்டுமென்றே தப்பு விடலாம் என்கிறார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலே அவன் நாற்காலி நகர்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அதற்கும் அடியில் ரப்பர் மாட்டியிருந்தான்.

அதற்கு முன்னாலேயே புயல் வந்துபோயிருந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம். 3-ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை, மறுநாள் தெருத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்துவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை, நானும் மனைவியும் அரிசி மூட்டையை எங்கே ஏற்றுவது என்று கத்திக்கொண்டிருக்கிறோம். வாசலில் தம்பி நிற்கிறான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். "உள்ள வரலாமா சார்?" என்கிறான். வா தம்பி என்றால், குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுச் செருப்பைக் கழற்றி எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, "இத எங்க சார் விடட்டும்?" என்று கேட்டான். சத்தியமாகக் கேட்டான். ஃபிரிட்ஜ், பீரோ துணி, சாமி படம், எல்லாவற்றையும் அவன்தான் மேலே ஏற்றினான், இரண்டு நாள் அவன் அறையில்தான் இருந்தோம். அவன் வெளியே படிக்கட்டு ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டான். இவ்வளவு செய்தவனைச் சந்தேகப்படுகிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் தோன்றியது, ஆனால் அந்தச் செருப்பு மனசை விட்டுப் போகவில்லை.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தட்கலில் ஸ்லீப்பர் எடுக்க வேண்டியிருந்தது. பதினோரு மணிக்குத் திறக்கும், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். வேறு வேறு தளங்களில் முயன்றதில் ஒன்றில் அந்தப் பெட்டி வந்தது, 'நான் ரோபோ இல்லை' என்று. டிக் அடித்தேன். நம்பவில்லை. டிராஃபிக் சிக்னல் இருக்கிற கட்டங்களைக் காட்டு என்றது. சிக்னல் கம்பமும் சேர்த்தியா, விளக்கு மட்டுமா? சேர்த்துப் போட்டேன், தப்பு. சேர்க்காமல் போட்டேன், அதுவும் தப்பு. 64 வயசில், பிள்ளை பெற்று, பேத்தி எடுத்து, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை தின்கிறவனை ஒரு மெஷின் மனுஷன் இல்லை என்கிறது. வேறு வழியில்லாமல் மாடிக்குக் குரல் கொடுத்தேன்.

வந்தான். "உக்காரலாமா சார்?" என்று கேட்டு உட்கார்ந்தான். மவுஸைப் பிடித்து, நேராகப் பெட்டிக்குப் போகாமல், இப்படி ஒரு வளைவு அப்படி ஒரு வளைவு வளைத்து, நடுவில் கொஞ்சம் நிறுத்தி, தாண்டிப்போய்த் திரும்பி வந்து டிக் அடித்தான். ஒரு படமும் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டது. "டிக் பண்றத மட்டும் பாக்காது சார், அதுக்கு முன்னாடி எப்படி வந்தோம்னும் பாக்கும்னு சொல்வாங்க. நேர்கோட்டுல போனா சந்தேகப்படும். மனுஷங்க கொஞ்சம் தடுமாறுவாங்கல்ல" என்றான். மனுஷங்க! நாம என்று சொல்லவில்லை, கவனியுங்கள். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் 14-இல் கிடைத்தது, கல்யாணத்துக்குப் பஸ்ஸில்தான் போனோம், அது வேறு கதை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். ஒன்றரை மணிக்கு மனைவி உலுக்கி எழுப்பினாள். மோட்டாரை நிறுத்திய பிறகும் மேலே தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவில்லை, மாடிக் குழாயை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று டார்ச்சோடு ஏறினேன். அவன் ஜன்னல் பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்ப்பது தப்புதான். பார்த்தேன்.

தலையில் ஹெட்செட். எதிரே இரண்டு திரை. இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான், நெய்யில் வார்த்த மாதிரி ஒரு குரல், உங்கள் சிரமம் எனக்கு நன்றாகப் புரிகிறது, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் வருத்தப்பட்டிருப்பேன் என்கிற மாதிரி. அந்தப் பக்கம் ஒரு ஆள் கத்துவது ஹெட்செட்டைத் தாண்டி ஜன்னல்வரை கேட்டது. தம்பியின் முகம் எனக்குப் பாதிதான் தெரிந்தது, அதில் ஒரு சலனமும் இல்லை. மேஜைக்கு அடியில் பார்த்தேன். வலது கால் குதிகால் தரையில் படாமல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, தையல் மெஷின் ஊசி மாதிரி. மேஜை மேலிருந்த பாட்டிலில் தண்ணீர் அலையடித்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். குரல் ஒரு இழை ஏறவில்லை, கால் ஒரு நொடி நிற்கவில்லை. அப்புறம் ஒரு பட்டனைத் தட்டினான், மைக்கை நெற்றிக்கு மேலே தள்ளினான், ஜன்னல் பக்கம் திரும்பாமலே அடிவயிற்றிலிருந்து, "செத்த மூதி!" என்றான். அதற்கப்புறம் அவன் சொன்ன நாலைந்து வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சுத்தமான, மண் வாசனை மாறாத தெக்கத்தி வசவு. சொல்லி முடித்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான், மைக்கை இறக்கினான், பட்டனைத் தட்டினான், பொறுமையாகக் காத்திருந்ததற்கு மிக்க நன்றி என்றான் இங்கிலீஷில்.

நான் சத்தமில்லாமல் இறங்கி வந்தேன். குழாயை மூட மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கக் கூப்பிட்டு, ஜன்னல் கதையைச் சொல்லாமல், வேலை எப்படி தம்பி என்று மட்டும் கேட்டேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் பேசினான். வெளிநாட்டுக் கஸ்டமர் கேர், ஆறு வருஷமாக. கத்துகிறவனை இடையில் மறிக்கக்கூடாது. ஹோல்டில் போட அனுமதி கேட்கணும், திரும்பி வந்ததும் நன்றி சொல்லணும். பேச்சு நடுவில் சில நொடி மௌனம் விழுந்தால் அதற்குப் பெயர் 'டெட் ஏர்', மார்க் குறையும். ஒரு போன் காலில் குரல் உயர்ந்தால் 'ஃபேட்டல்', மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்தக் காலுக்கு பூஜ்யம். "முன்னாடி மாசத்துக்கு அஞ்சாறு காலை எடுத்து ஒருத்தர் கேட்டு மார்க் போடுவாரு சார். இப்ப சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க, எல்லாக் காலையும் அதுவே கேக்குது. குரல்ல எரிச்சல் இருக்கான்னு பாக்குது." சிரித்தான். "அது கேக்கும்போது நாம தடுமாறக்கூடாது சார்."

என்னை ஒரு மெஷின் தடுமாறிக் காட்டு என்று வாசலிலேயே நிறுத்தி வைத்தது. இவனை ஒரு மெஷின் தடுமாறாதே என்று ராத்திரி முழுக்க உட்கார வைத்திருக்கிறது. நான் 31 வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்து "அடுத்த கவுன்ட்டர்ல கேளுங்க", "சாப்பாட்டு நேரம்னு போர்டு தெரியலையா" என்று எத்தனை ஆயிரம் பேரை விரட்டியிருப்பேன், எனக்கு யார் மார்க் போட்டார்கள்? சொல்லிக்கொள்ளப் பெருமை இல்லை, ஆனால் வீட்டுக்கு வந்தால் எனக்குக் கால் ஆடாது.

அந்த நூறு ரூபாயைப் பற்றியும் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ரெண்டு ஷிஃப்ட் சார், கண்ணு சொருகிருச்சு" என்றான். அவ்வளவுதான். டூரிங்குக்கும் அதே கதையாக இருந்திருக்கலாம்.

இப்போது எனக்கு வேறு ஒரு அரிப்பு. அவன் என்னிடம் "பரவாயில்ல சார்" என்று சொல்லும்போதெல்லாம், மேலே போய் மைக்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்ன சொல்வான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நேற்றைக்கு மறுபடியும் மோட்டாரை மறந்துவிட்டேன். டேங்க் வழிந்து, கொடியில் அவன் காயப்போட்டிருந்த நாலு சட்டையும், ஒரு போர்வையும் தொப்பலாக நனைந்துவிட்டன. மணி ஒரே ஒரு தடவை அடித்தது. "சார், வணக்கம். தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தான். நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றேன். நனைந்த சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்றபடி, "பரவாயில்ல சார், எப்படியும் இன்னொரு தடவை அலசணும்னுதான் இருந்தேன்" என்றான். ஏறிப்போனான். அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் ஏழு படி ஏறிப்போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து மனைவி, "அங்க என்ன பண்றீங்க?" என்று கத்திக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள்.